பழைய வீட்டு வயரிங்கை எப்போது மாற்ற வேண்டும்? சென்னை வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சென்னையில் வயரிங் வேலை செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் பழைய வீடுகள்தான். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மெட்ராஸ் டெரஸ் போட்ட வீடுகள், அசோக் நகர், கே.கே. நகர் பக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்புகள், அடையாறில் எண்பதுகளில் எழுந்த மூன்று மாடி ஃபிளாட்டுகள். போகிற இடத்திலெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நின்றுகொண்டே சொல்லிவிட்டு வருவதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

வீடு கட்டி 35 வருஷம் ஆகிறது. வயருக்கு ஆயுள் என்று ஒன்று உண்டா?

மருந்துக்கு இருப்பதுபோல வயருக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஐம்பது வருஷம் ஆகியும் நன்றாக இருக்கும் வயரைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்தில் கருகிப்போனதையும் பார்த்திருக்கிறேன். வயரின் ஆயுளைத் தின்பது சூடு. வீடுகளில் போடும் சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரி சூடு வரைக்கும்தான் தாங்கும். அதைத் தாண்டித் தினமும் கொஞ்ச நேரம் கொதித்தாலும் மேலுறை விறைத்து, வளைத்தால் வெடிக்கிற நிலைக்கு வந்துவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1985-இல் ஒரு நடுத்தர வீட்டில் மூன்று ஃபேன், நாலைந்து டியூப் லைட், ஒரு டி.வி., ஒரு சின்ன ஃபிரிட்ஜ். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டாலும் ஒரு கிலோவாட்டைத் தாண்டாது, அதாவது நாலைந்து ஆம்பியர். இன்று அதே வீட்டில் ஒன்றரை டன் ஏசி இரண்டு ஓடுகிறது. கீசர் 2,000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு இன்னொரு 2,000 வாட். மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கு எல்லாம் சேர்ந்தால் முப்பது ஆம்பியர் ஓடும். வீட்டுக்குள் சாமான்கள் மாறிவிட்டன, சுவருக்குள் இருக்கும் வயர் மட்டும் அன்று போட்டதேதான்.

அதனால் 25, 30 வருஷம் தாண்டிய வீடு என்றால் உடனே மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். உடனே சோதித்துப் பாருங்கள் என்று கட்டாயம் சொல்வேன்.

நாங்களே கவனிக்கக்கூடிய அறிகுறிகள் என்னென்ன?

முதலில் மூக்கு. சுவிட்ச் போர்டு பக்கம் போனால் மீன் வாடை மாதிரி ஏதோ வருகிறது, ஆனால் வீட்டில் மீனே வாங்கவில்லை என்றால் அலட்சியப்படுத்தாதீர்கள். சுவிட்ச், பிளக் பாயிண்ட் செய்யும் சில வகை பிளாஸ்டிக் சூடேறும்போது அப்படித்தான் நாறும். நிறையப் பேர் எலி செத்துவிட்டது என்று நினைத்து அலமாரியைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் கை. கீசரோ அயர்ன் பாக்ஸோ பத்து நிமிஷம் ஓடிய பிறகு பிளக் டாப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சுட்டால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது வயர் அந்த லோடைத் தாங்கவில்லை. பிளக் ஓட்டையைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தாலும் அதே கதைதான்.

சுவிட்ச் போடும்போது "சர்ர்" என்று சத்தம் வருவது, ஃபேன் தானாக வேகம் குறைந்து கூடுவது, ஒரே ஹோல்டரில் மட்டும் பல்பு மாற்றி மாற்றிப் போவது, இதெல்லாம் பெரும்பாலும் எங்கோ ஒரு ஜாயின்ட் தளர்ந்ததன் அடையாளம். தளர்ந்த ஜாயின்டை நான் ஏன் இவ்வளவு பயந்து பேசுகிறேன் என்றால், அதை எந்த ஃபியூஸும் கண்டுபிடிக்காது. இணைப்பில் அரை ஓம் தடை இருக்கிறது, அதன் வழியே 10 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி இரண்டு அயர்னை உங்கள் சுவிட்ச் போர்டுக்குள் வைத்து மூடியதற்குச் சமம். வயரில் ஓடுவது வழக்கமான 10 ஆம்பியர்தான் என்பதால் எம்.சி.பி.யும் (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) பேசாமல் இருக்கும்.

ஃபிரிட்ஜைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது. பெரிய ஷாக் இல்லை. விட்டுவிடலாமா?

விடவே கூடாது. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் கைப்பிடியைச் சுற்றிப் பழைய துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அழுக்குப் படாமல் இருக்க என்று நினைத்தேன். அந்த வீட்டுப் பாட்டி சொன்னார்: "அது இல்லேன்னா விரல்ல சுள்ளுனு அடிக்கும் தம்பி. ஈரக் கையோட தொடக் கூடாது, அவ்வளவுதான்." மூன்று வருஷமாக அந்த வீடு அப்படியே பழகியிருந்தது. பேரக் குழந்தைக்கும் "துணியைப் பிடிச்சுத் திற" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயிண்டைக் கழற்றினேன். மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த்துக்கானது, அதாவது கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயருக்கானது. அதன் முனையில் பச்சை வயர் மூன்று அங்குலம் நீளம்தான் இருந்தது. மறுமுனை எதிலும் சேரவில்லை, போர்டுக்குள்ளேயே மடக்கிச் செருகியிருந்தது. பார்க்க எர்த் இருப்பதுபோல இருக்கும், ஆனால் எர்த் கிடையாது. கசிவு மின்சாரம் போக வழியில்லாமல் ஃபிரிட்ஜின் உடம்பிலேயே நின்றது. தொடுகிறவர்தான் அதற்கு வழி.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. எர்த் வயர் இல்லாத வீட்டில் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். டெஸ்டரில் பார்த்தால் சரியாகத் தெரியும். என்றாவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும்.

குளியலறைக் குழாயில், ஷவரில் சுருக்கென்றால் அன்றைக்கே மெயினை அணைத்து ஆளைக் கூப்பிடுங்கள். ஈர உடம்பில் மின்சாரம் சுலபமாக ஓடும்.

ராத்திரியில் லைட் மங்குகிறது. எங்கள் வயரிங் கோளாறா, ஈ.பி. கோளாறா?

பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் மங்குகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தெருவின் மின்னழுத்தம் குறைகிறது, ஈ.பி.யிடம் புகார் கொடுக்கலாம். உங்கள் வீட்டில் மட்டும், அதுவும் மோட்டாரோ கிரைண்டரோ போடும்போது மட்டும் மங்கினால் கோளாறு உங்கள் பக்கம். வயர் மெல்லியதாக இருக்கும், அல்லது மெயினில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கும்.

மூன்று ஃபேஸ் வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஓர் அறையில் லைட் மங்கி, இன்னொரு அறையில் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல் போய்விட்டது என்று அர்த்தம். சில பாயிண்டுகளில் 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கும். யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழையுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. எலக்ட்ரீஷியன் தடியான கம்பி போட்டுக் கொடுத்த பிறகு பிரச்சினை இல்லை. சரிதானே?

பிரச்சினை அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லிக்கொண்டிருந்த வாயைத்தான் அடைத்துவிட்டார். வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையில் போடும் மெல்லிய கம்பி, சுவருக்குள் இருக்கும் வயர் சூடாவதற்கு முன்னால் தான் உருகிப்போக வேண்டும் என்பதற்காகவே இருக்கிறது. அதற்குப் பதில் 18 கேஜ் (கம்பியின் கனத்தைச் சொல்லும் எண்) செம்புக் கம்பியை முறுக்கிவிட்டால், அது உருக நூறு ஆம்பியர் அளவுக்கு ஓட வேண்டும். அவ்வளவு ஓடும் முன்னே சுவருக்குள் வயர் எரிந்து முடிந்திருக்கும்.

ஒரு ஃபியூஸோ எம்.சி.பி.யோ மாதத்துக்கு இரண்டு முறை போனால் அதற்கு நன்றி சொல்லிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறது என்று 32 ஆம்பியர் வாங்கி மாட்டுவதும் இதே தப்புதான். எம்.சி.பி. காப்பது சாமானை அல்ல, வயரை. வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள்தான் எம்.சி.பி.யின் அளவு இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது எந்தக் காலத்து வயர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, ஒரு சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பழக்கமில்லை என்றால் நீங்கள் திறக்காதீர்கள், வயர்மேன் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் தகரக் கிளிப்பில் வயர் ஓடுகிறதா? வட்ட வடிவக் கறுப்பு சுவிட்ச், மரப்பலகை போர்டு இருக்கிறதா? அது ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தைய வேலையாகத்தான் இருக்கும். அதற்குள் ரப்பர் உறை போட்ட வயர் இருந்தால் எந்தச் சோதனையும் தேவையில்லை, மாற்றிவிடுங்கள். ரப்பர் காய்ந்து விரலால் தொட்டாலே மாவாக உதிரும். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் சீலிங் ரோஸை (கூரையில் ஃபேன் வயர் இணையும் வட்ட மூடி) திருகிக் கழற்றினேன். ரப்பர் கறுப்புத் தூளாகக் கொட்டி, இரண்டு கம்பிகள் வெறுமனே ஒன்றுக்கொன்று கால் அங்குலம் தள்ளி நின்றன. ஃபேன் ஆடும் ஆட்டத்தில் அவை தொட்டுக்கொள்ளாமல் இருந்ததுதான் அந்த வீட்டின் நல்ல நேரம்.

கம்பி வெள்ளையாக இருந்தால் இரண்டு வாய்ப்பு. ஒன்று அலுமினியம். இன்னொன்று, வெள்ளீயம் பூசிய செம்பு. பழைய ரப்பர் வயர்களில் செம்பு கெடாமல் இருக்க அப்படிப் பூசியிருப்பார்கள். மின்சாரம் இல்லாதபோது கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் சிவப்பு தெரிந்தால் செம்பு. அலுமினியத்தின் தொல்லை அதன் முனைகளில். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக ஆக நசுங்கி இளகும், மேலே ஆக்சைடு படியும், இணைப்பு தளரும், சூடாகும். அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும்.

பழைய வயர்மேன்கள் "3/22", "7/20" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது கேஜ். 3/22 என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1.2 ஸ்கொயர் எம்.எம். லைட்டுக்கும் ஃபேனுக்கும் போதும். அந்த வயரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாடுலர் சுவிட்ச் எல்லாம் புதிதாகப் போட்டோம். அப்படியானால் வயரிங் புதிதுதானே?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருவது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது சுவிட்ச் பிளேட்டையும் மாற்றிவிடுகிறார்கள். வெள்ளை வெளேரென்று பளபளக்கிறது, யு.எஸ்.பி. ஓட்டைகூட இருக்கிறது. பின்னால் இருப்பது 1982-இல் இழுத்த வயர். சொல்லப்போனால் முன்னைவிட மோசமாகக்கூட ஆகியிருக்கலாம். விறைத்துப்போன பழைய வயரை வளைத்துப் புதுப் பெட்டிக்குள் திணிக்கும்போது உறை வெடிக்கும். நீளம் போதாமல் ஒட்டுப் போட்டிருப்பார்கள். பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் பிளேட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏசி பாயிண்ட் ஒன்றையும் சமையலறை பாயிண்ட் ஒன்றையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

எம்.சி.பி. இருக்கிறதே, ஆர்.சி.சி.பி. வேறு எதற்கு?

எம்.சி.பி. அளவுக்கு மீறிய லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழும். மனித உயிர் போக அவ்வளவு மின்சாரம் தேவையில்லை, ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆர்.சி.சி.பி. ஃபேஸில் (மின்சாரம் உள்ளே வரும் வயர்) போனது நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று எப்போதும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண் இமைக்கும் நேரத்துக்குள் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்தான் வாங்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்தால் அதற்குத் தெரியாது. லோடு கூடினாலும் அது விழாது. எம்.சி.பி.யும் வேண்டும், அதுவும் வேண்டும்.

பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டியதும் நிற்காமல் விழும். "பீஸ் சரியில்லை" என்று கழற்றிவிடுவார்கள். அனேகமாக பீஸ் சரியாகத்தான் இருக்கும். சுவர் ஈரத்தில் கசிவு இருக்கிறது, அல்லது இரண்டு லைனின் நியூட்ரல் ஒன்றோடொன்று கலந்திருக்கிறது, அல்லது நான் முன்னே சொன்ன நியூட்ரல்-எர்த் ஒட்டு எங்கோ இருக்கிறது. வயரிங் மாற்ற வேண்டுமா என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. மாட்டிய பிறகு மாதம் ஒருமுறை அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழ வேண்டும்.

மழைக் காலத்தில் மட்டும் ஷாக் அடிக்கிறது. வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது.

சரியாகவில்லை, காய்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடி ஒழுகி, கூரைக்குள் இருக்கும் பைப்பில் தண்ணீர் இறங்குகிறது. உள்ளே உறை வெடித்த வயர் இருப்பதால்தான் தண்ணீர் பட்டதும் சுவருக்கு மின்சாரம் வருகிறது. ஒழுகலையும் அடைக்க வேண்டும், வயரையும் மாற்ற வேண்டும்.

வெள்ளம் புகுந்த வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பிளக் பாயிண்ட் மூழ்கிய வீடுகள் ஏராளம். காய்ந்ததும் எல்லாம் வேலை செய்ததால் அப்படியே விட்டவர்கள் உண்டு. வெள்ள நீரில் சாக்கடையும் உப்பும் சேறும் கலந்திருக்கும். முறுக்கிய செம்பு இழைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. தண்ணீரில் மூழ்கிய சுவிட்ச், பிளக், எம்.சி.பி. எதையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். வயரை மெகர் (உறை கெட்டிருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாற்றும்போது தரைத்தளத்துப் பாயிண்டுகளை வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரை ஓரத்தில் வெள்ளம் வராமலே இந்தக் களிம்பு வரும். உப்புக் காற்றே போதும்.

மெகர் சோதனை என்றால் என்ன?

வயரின் உறை இன்னும் காக்கிறதா என்று அளக்கும் கருவி அது. மெயினை அணைத்து, பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், டி.வி., இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு 500 வோல்ட் டி.சி. கொடுத்துப் பார்ப்போம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், இரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவில். 1 மெகா ஓமாவது இருக்க வேண்டும், அது குறைந்தபட்சம். நல்ல வயரிங் பல மடங்கு அதிகம் காட்டும். ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்து வேலை.

அதற்கு முன்னால் நீங்களே ஒன்று பார்க்கலாம். மெயின் ஆனில் இருக்கட்டும். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அப்படியும் அது சிமிட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. பெல்லுக்கோ இன்வெர்ட்டருக்கோ நேரடியாகப் போகும் லைனை மறந்திருக்கிறோமா என்று ஒருமுறை யோசித்துவிட்டு ஆளை அழையுங்கள்.

முழு வீட்டையும் ஒரே மூச்சில் மாற்ற வசதியில்லை. பகுதி பகுதியாகச் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் வரவேற்பறையிலிருந்து தொடங்காதீர்கள். என் வரிசை இது. முதலில் எர்த், மெயின் போர்டு, ஆர்.சி.சி.பி. அவை இல்லாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. அடுத்து ஏசி, கீசர், சமையலறை, இவற்றுக்கு மெயின் போர்டிலிருந்து நேராகத் தனித்தனி லைன். கனமான லோடெல்லாம் பழைய வயரிலிருந்து இறங்கிவிடும். மீதமிருக்கும் லைட், ஃபேன் லைன்கள் மெகரில் தேறினால் இரண்டு வருஷம் கழித்துக்கூடச் செய்யலாம். ரப்பர் வயர், தளர்ந்த அலுமினியம் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

எதற்கு எந்த அளவு வயர்?

லைட், ஃபேனுக்கு 1 அல்லது 1.5 ஸ்கொயர், 10 ஆம்பியருக்கு மேல் போகாத எம்.சி.பி. சாதாரண பிளக்குகளுக்கு 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர். ஒன்றரை டன் ஏசிக்கும் கீசருக்கும் நான் 4 ஸ்கொயர்தான் போடுவேன். 2.5 போதும் என்று சொல்பவர்கள் உண்டு, கணக்குப்படி அது தப்பும் இல்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே சுடும் பைப்புக்குள் ஓடும் வயருக்குக் கொஞ்சம் தாராளம் வேண்டும். எர்த் வயர் பிளக் ஒவ்வொன்றுக்கும் போக வேண்டும். எர்த்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எர்த் குழி 30 வருஷத்துக்கு முன்னால் போட்டது. அது இருந்தால் போதாதா?

அந்த இரும்புக் குழாய் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறதா என்பதே சந்தேகம். உப்பும் கரியும் போட்டு இறக்கிய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு) துருப்பிடித்து உதிரும். நிறைய வீடுகளில் பின்னால் டைல்ஸ் ஒட்டும்போது குழியையே மூடிவிட்டார்கள். எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கெட்டிருந்தால் புதிதாக ஒன்று போடுவது ஒரு நாள் வேலை. ஃபிளாட் என்றால் எர்த் பொதுச் சொத்து. சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பெயின்டுக்கு முன்னால் இதைப் பேசுங்கள்.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். யார் செய்து தர வேண்டும்?

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பராமரிப்பு வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளவில்லை என்றால் வயரிங் வேலை வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்ச், பிளக் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. வாய்வார்த்தையாகக் கேட்பதைவிட, கருகிய பிளக்கைப் படமெடுத்து மெகர் கணக்கோடு அனுப்புங்கள். எண்களைப் பார்த்ததும் சம்மதித்த வீட்டுக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுவரையெல்லாம் உடைக்க வேண்டுமா? எத்தனை நாள் ஆகும்?

எல்லா வீட்டிலும் உடைக்க வேண்டியதில்லை. பழைய பைப் நல்ல நிலையில் இருந்தால் பழைய வயரையே கயிறாக வைத்துப் புதியதை இழுத்துவிடலாம். பழைய ஃபிளாட்டுகளில் இரும்புப் பைப் இருக்கும். உள்ளே துரு செதில் செதிலாக நிற்கும், இழுக்கும்போது புது வயரின் உறையைக் கிழித்துவிடும். அங்கே இழுத்துப் பார்ப்பதே ஆபத்து; இழுத்த பிறகு மெகர் வைக்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகளில் சுவரை வெட்டாதீர்கள். ஒரு அங்குலம் காடி எடுத்தால் ஒரு அடிக்குக் காரை பெயர்ந்து வரும். அங்கே சுவருக்கு மேலேயே பி.வி.சி. கேசிங்கில் (மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை) ஓட்டுவதுதான் நல்லது. பர்மா தேக்கு உத்திரத்துக்கும் கெடுதல் வராது. இரண்டு படுக்கையறை வீடு கேசிங்கில் என்றால் ஐந்தாறு நாள். வெட்டிப் பூசி என்றால் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளையும் பொருளையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

மின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரா என்று கேட்டு, உரிமத்தைப் பாருங்கள். வேலைக்கு முன்னால் எந்த லைனுக்கு எந்த அளவு வயர், எத்தனை பாயிண்ட் என்று எழுதி வாங்குங்கள். ஏசியும் புதிதாகச் சேர்த்திருந்தால் ஈ.பி.யில் லோடு கூட்ட விண்ணப்பியுங்கள். மீட்டர் சீலையோ அதற்கு முன்னால் இருக்கும் ஃபியூஸையோ யாரையும் தொட விடாதீர்கள், அது மின்வாரியத்தின் பக்கம்.

வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் உறையிலேயே அச்சடித்திருக்க வேண்டும். ஒரு காயில் 90 மீட்டர். விலை மிகவும் குறைவாக இருந்தால் நீளத்திலோ செம்பின் கனத்திலோ குறைத்திருப்பார்கள். பில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று போர்டுக்குள் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் வீட்டில் இருக்கும் யாருக்கும் அது புரிய வேண்டும்.

கழற்றிய பழைய வயரை என்ன செய்வது?

செம்பு என்றால் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள். அதில் வரும் பணத்தை முன்கூட்டியே கூலியில் கழித்துப் பேசிக்கொள்வதும் உண்டு. எப்படியானாலும் துண்டு துண்டாக வெட்டிக் கொடுங்கள், முழு நீளமாகக் கொடுத்தால் இன்னொரு வீட்டில் போய் ஏறிவிடும். வெளியே எடுக்க முடியாமல் சுவருக்குள் நின்றுவிட்ட துண்டு இருந்தால் இரண்டு முனையையும் மெயினிலிருந்து பிரித்து, வெட்டி, மூடிவிட்டாரா என்று நேரில் பாருங்கள். பின்னாளில் படம் மாட்ட ஆணி அடிக்கிறவருக்குத் தெரியும்படி, அந்த இடத்தைப் படமெடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.